கையெழுத்துப் போட்ட அப்பாவும் கப்பலேறிய நண்பரும்

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்தவள். அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நான் எழுதப்போகும் சிக்கல் என்னுடையதா, காலமாகிவிட்ட என் தந்தையுடையதா என்பதே எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் சில மாதங்களாக என் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான்.

எங்கள் பகுதியில் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்துக்குப் போவது வழக்கம். அப்பா இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் வண்டி ஓட்டுநராகச் சேர்ந்து, 1941இல் மலாயாவுக்கு அனுப்பப்பட்டார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அவருக்கு உயிர் நண்பர். இருவரும் ஒன்றாகவே ஆளெடுப்பில் தேர்வாகி ஒன்றாகவே கப்பலேறியவர்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது இருவரும் போர்க்கைதிகள் ஆனார்கள். 1946இல் அப்பா மட்டும் ஊர் திரும்பினார். அப்பா நேதாஜியின் படையில் இருந்தவர், நண்பர் போரில் இறந்துவிட்டார் என்பதற்கு மேல் எங்களுக்குச் சிறு வயதில் எதுவும் சொல்லப்படவில்லை.

அப்பா அதிகம் பேசமாட்டார். தட்டில் சோறு மிஞ்சினால் மட்டும் அவருக்கு வரும் கோபம் வீட்டையே நடுங்க வைக்கும். என் தம்பி ஒருமுறை பாதிச் சோற்றைத் தட்டில் விட்டுக் கை கழுவப்போனபோது விழுந்த அறையில், அவனுக்குப் பல நாள் காது இரைந்துகொண்டே இருந்தது. 1972இல் மத்திய அரசின் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியத் திட்டம் வந்து, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வில் இருந்த பலரும் அதற்கு விண்ணப்பித்தபோது, அம்மா எவ்வளவோ கெஞ்சியும் அவர் மறுத்துவிட்டார். "கையெழுத்துப் போட்டுத் தின்ன சோறு இந்த ஜென்மத்துக்குப் போதும்" என்று அவர் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதை அப்போது அடக்கம் என்றே எடுத்துக்கொண்டோம்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் முன்பாக நண்பரின் மனைவி வீட்டுக்கு அப்பா ஒரு மூட்டை அரிசி கொண்டுபோவார். ஓரிரு முறை நானும் கூடப் போயிருக்கிறேன். அந்த அம்மாள் வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்வாரே தவிர, "உள்ளே வாங்கண்ணா" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அப்பாவும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

கிராமத்து வீட்டை விற்கும் நேரத்தில் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பால் கணக்கு நோட்டு கிடைத்தது. அதன் பின்பக்கத் தாள்களில் பென்சிலால் எழுதியிருந்தார். சிங்கப்பூரின் பிடாடரி கைதி முகாமில் தொடக்கத்தில் இருவருமே ஐ.என்.ஏ.வில் சேர மறுத்திருக்கிறார்கள். மறுத்தவர்களைத் தனியே வைத்து, அடித்து, கூலி வேலை வாங்கி, அரைவயிறு போட்டிருக்கிறார்கள். 1943 முற்பகுதியில், மறுப்பவர்கள் எல்லோரும் கப்பலில் ஏற்றப்படுவார்கள் என்று சொல்லப்பட்டது. எங்கே என்று சொல்லப்படவில்லை. அப்பா எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "நான் நாட்டுக்காகக் கையெழுத்துப் போடவில்லை. பசிக்காகப் போடவில்லை என்றும் சொல்ல முடியாது. கப்பலுக்குப் பயந்தேன். அவன் போடவில்லை. தன் மெஸ் டின்னை (சாப்பாட்டுத் தகரப் பாத்திரம்) என்னிடம் கொடுத்து, 'இனிமேல் உனக்குத்தானே சோறு' என்றான். கேலியா அக்கறையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை."

இன்னொரு பக்கத்தில், அதே ஆண்டு ஜூலையில் சிங்கப்பூர் பாடாங் திடலில் நேதாஜி பேசியதைக் கேட்டதாக எழுதியிருக்கிறார்: "பாதிதான் புரிந்தது. ஆனாலும் அழுதேன். அன்றுதான் உண்மையாகச் சேர்ந்தேன் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைப்பது சௌகரியமாக இருப்பதால் நினைக்கிறேனோ என்றும் தோன்றும்." பிறகு பர்மா, 1945இல் ஜப்பானியர் விட்டுப்போன ரங்கூனில் கடைகளையும் வீடுகளையும் காவல் காத்தது, பிரிட்டிஷாரிடம் சரணடைந்தது, விசாரணையில் இடைநிலையான 'சாம்பல்' பிரிவில் வைக்கப்பட்டு அனுப்பப்பட்டது. நண்பர் பசிபிக் கடலில் உள்ள நியூ பிரிட்டன் தீவில் இறந்ததை, அங்கிருந்து மீண்டு வந்த ஒருவர் சொல்லித்தான் அறிந்துகொண்டிருக்கிறார்.

இப்போது என் தம்பி, நாங்கள் படித்த பள்ளிக்கு ஒரு வகுப்பறை கட்டிக் கொடுத்து, "நேதாஜியின் படைவீரர் தியாகி" என்று அப்பாவின் பெயரில் கல்வெட்டு வைக்க ஏற்பாடு செய்திருக்கிறான். திறப்பு விழாவில் நான் பேச வேண்டுமாம். நோட்டைப் பற்றி அவனிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவை அவமானப்படுத்துகிறேன் என்பான். சொல்லாமல் மேடையேறினால், கப்பலேறிப் போன அந்த மனிதருக்கு நான் துரோகம் செய்தவள் ஆவேன் என்று தோன்றுகிறது. அவருடைய பேரன் இன்றும் அதே ஊரில் இருக்கிறார். அவரிடம் இதைச் சொல்ல வேண்டுமா?

எல்லாவற்றுக்கும் மேலாக என்னை வருத்துவது, அப்பாவின் மீது எனக்கு வரும் கோபம். அவர் பணிந்தவரா, எதிர்த்தவரா? மேலதிகாரி நீட்டிய தாளிலெல்லாம் கேள்வி கேட்காமல் கையெழுத்திட்டே பணிக்காலத்தைக் கடத்தியவள் நான். அந்தப் பயம் அவரிடமிருந்துதான் எனக்கு வந்ததா? இரவில் விழித்துக்கொண்டு அழுகிறேன். தாங்கள் வழி காட்ட வேண்டும்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை ஒருமுறைக்கு மேல் படித்தேன். உங்கள் தந்தை எழுதிய வரிகளைப் படித்தபோது, என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களில் மிகச் சிலரிடம் மட்டுமே நான் பார்த்த ஒரு நேர்மை அவற்றில் இருப்பதை உணர்ந்தேன். தன் செயலுக்கு மூன்று காரணங்களைச் சொல்லி, அவற்றில் தனக்குப் பெருமை தரும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிட அவருக்கு முழு வாய்ப்பு இருந்தது. பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? இருந்தும் அவர் எதையும் அழிக்கவில்லை.

அவர் பணிந்தவரா, எதிர்த்தவரா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியை அவர் நின்ற இடத்தில் வைத்துப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17 அன்று, ஏறத்தாழ நாற்பதாயிரம் இந்தியச் சிப்பாய்கள் ஃபேரர் பார்க் திடலில் கூட்டப்பட்டார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படையினர் சாங்கிப் பக்கம் தனியே அனுப்பப்பட்டிருந்தார்கள். ஒரு பிரிட்டிஷ் அதிகாரி இந்தியர்களை ஜப்பானியரிடம் ஒப்படைப்பதாக அறிவித்தார்; ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாரா அவர்களை, ஐ.என்.ஏ.வை முதலில் உருவாக்கிய கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைப்பதாக அறிவித்தார். நேற்றுவரை யாருடைய கட்டளைக்குக் கட்டுப்பட்டிருந்தார்களோ அவர்களே கைகழுவிவிட்டுப் போன பிறகு, கிராமத்திலிருந்து வந்த ஓர் இளம் ஓட்டுநர் இனி யாருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்யும்படி விடப்பட்டார். அவருக்கு மேலே இருந்த பிரிட்டிஷாரும் அயலார். எதிரே நின்ற ஜப்பானியரும் அயலார். கையெழுத்துப் போட்டால் ஜப்பானியருக்குப் பணிந்ததாகவும் பிரிட்டிஷாரை எதிர்த்ததாகவும் ஆகும். போடாவிட்டால் ஜப்பானியரை எதிர்த்ததாகவும் பிரிட்டிஷாருக்குப் பணிந்ததாகவும் ஆகும். இந்தச் சூழலில் இருந்த ஒருவரைப் 'பணிந்தவர்' என்றோ 'எதிர்த்தவர்' என்றோ ஒரே சொல்லில் குறிப்பது, நாம் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைத்தான் காட்டும்.

இதே சிங்கப்பூரில் அதே ஆண்டு நடந்த இன்னொரு நிகழ்ச்சியை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். 1942 ஆகஸ்ட் இறுதியில், தப்பியோட மாட்டோம் என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்கும்படி பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளை ஜப்பானியர் கேட்டார்கள். கைதிகள் மறுத்தார்கள். உடனே பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் செலாராங் பாசறை வளாகத்துக்குள் நெருக்கி அடைத்தார்கள். குடிக்கத் தண்ணீர் போதவில்லை. முற்றத்தைத் தோண்டிக் கழிப்பிடம் ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. தப்ப முயன்று பிடிபட்டிருந்த நால்வர், அதிகாரிகளின் கண்முன்னே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் வயிற்றுக்கடுப்பு பரவத் தொடங்கியது. அப்போது கைதிகளின் தளபதியாக இருந்த லெப்டினன்ட் கர்னல் ஹோம்ஸ், கட்டாயத்தின் பேரில் வாங்கப்படும் உறுதிமொழி செல்லாது என்ற நிலைப்பாட்டோடு, எல்லோரும் கையெழுத்திடும்படி ஆணையிட்டார். வீரர்கள் வரிசையாக வந்து கையெழுத்திட்டார்கள். ஆஸ்திரேலியர்களில் சிலர், தங்கள் நாட்டில் புகழ்பெற்ற கொள்ளைக்காரன் நெட் கெல்லியின் பெயரை எழுதிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

அவர்களும் பணிந்தவர்கள்தாம். ஆனால் அந்தக் கையெழுத்துக்காக அவர்களில் யாரும் ஆயுள் முழுவதும் வெட்கப்பட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஏனென்றால் முடிவின் பாரத்தைத் தளபதி ஒருவர் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். கூட இருந்த அத்தனை பேரும் ஒன்றாகவே போட்டார்கள். அது வற்புறுத்தி வாங்கப்பட்டது என்று ஆணையிலேயே இருந்தது. உங்கள் தந்தைக்கு இவற்றில் ஒன்றுகூட வாய்க்கவில்லை. இந்திய அதிகாரிகளே இரு பக்கமாகப் பிரிந்திருந்தார்கள். "போடு, பொறுப்பு என்னுடையது" என்று சொல்ல அவருக்கு ஆள் இல்லை. தன்னந்தனியாகப் போட்டார். அதுவும், போடாத நண்பரின் பக்கத்தில் நின்று போட்டார். அவரை வாழ்நாள் முழுவதும் அழுத்தியது பணிந்த செயலைவிட, அதைத் தனியாகச் செய்ய நேர்ந்ததுதான் என்பது என் கருத்து.

பசியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஏனெனில் அதை எழுதும்போதுதான் உங்கள் தந்தை மிகவும் தயங்குகிறார். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிவியலாளர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். போரில் பட்டினி கிடந்தவர்களுக்கு எப்படி உணவூட்டி மீட்பது என்று அறிவதற்காக நடந்த ஆய்வு அது. கொள்கைக்காகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள் அந்த இளைஞர்கள். உறுதியில் குறைந்தவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களை யாரும் அடிக்கவில்லை. பட்டினி எந்த நாளில் முடியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அப்படியும் சில வாரங்களில் அவர்களுடைய பேச்சும் கனவும் உணவாகவே ஆயின. சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள், நண்பர்கள்மீது எரிந்து விழுந்தார்கள், படிப்பிலும் அரசியலிலும் இருந்த அக்கறை வற்றிப்போயிற்று. பசி ஒருவருடைய கொள்கையை மாற்றுவதில்லை. கொள்கையைப் பற்றி யோசிக்க வேண்டிய மனத்தையே அது வேறு வேலைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. முடிவு நாள் தெரியாத பட்டினியில், அடியும் சேர்ந்திருந்த முகாமில், பசிக்கும் பயத்துக்கும் தேசத்துக்கும் தனித்தனியே கணக்கு எழுத எவராலும் முடிந்திருக்காது. உங்கள் தம்பியின் கன்னத்தில் விழுந்த அறைக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. அதற்காக அந்த அறை நியாயமாகிவிடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்பாவுக்கு வேறு வழியே இருக்கவில்லை" என்று நீங்கள் ஆறுதல் அடைந்துவிடக் கூடாது என்பதற்காக அடுத்ததையும் சொல்கிறேன். வேறு வழி இருந்தது. ஹாங்காங்கில் பிடிபட்ட கேப்டன் மதீன் அன்சாரி, எத்தனை சித்திரவதைக்குப் பிறகும் ஜப்பானியருடன் ஒத்துழைக்க மறுத்து 1943 அக்டோபரில் கொல்லப்பட்டார். உங்கள் தந்தையின் நண்பர் மறுத்தார். அவரோடு நியூ கினி, நியூ பிரிட்டன் தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்ட ஆயிரக்கணக்கான இந்தியர்கள் மறுத்தவர்கள். பட்டினியாலும் நோயாலும் கொடுமையாலும் அவர்களில் பலர் மாண்டார்கள். எலும்பும் தோலுமாக எஞ்சியவர்களை 1945இல் ஆஸ்திரேலியப் படையினர் மீட்டார்கள். 'வேறு வழியில்லை' என்ற சொல் அவர்களை இல்லாதவர்களாக ஆக்கிவிடும். உங்கள் தந்தைக்கும் அந்தச் சொல் உதவியிருக்காது; வேறு வழியில் போனவரை அவர் கண்ணால் பார்த்தவர்.

வியட்நாம் போரில் சண்டையிட்டுத் திரும்பிய வீரர்களுக்குப் பல ஆண்டுகள் சிகிச்சை அளித்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜொனாதன் ஷே, இத்தகைய வேதனையை அச்சத்தால் வரும் பாதிப்பிலிருந்து பிரித்துக் காட்டினார். அறக்காயம் என்று அதைச் சொல்லலாம். உயிருக்கு ஆபத்து நேர்ந்ததால் ஏற்படும் காயம் ஒன்று. தான் சரியென்று நம்பிய ஒன்றைத் தானே மீறியதாலோ, நம்பியவர்கள் கைவிட்டதாலோ ஏற்படும் காயம் வேறொன்று. முதலாவதற்குப் பாதுகாப்பு மருந்தாகும். இரண்டாவதற்கு "நீ செய்தது தவறே இல்லை" என்ற ஆறுதல் அநேகமாக மருந்தாவதில்லை. கேட்பவர்களிடம் சொல்வதும், ஏதோ ஒரு வகையில் ஈடு செய்வதும்தான் ஓரளவுக்கு ஆற்றும்.

வியட்நாமில் பிடிபட்ட அமெரிக்க விமானிகளின் கதையும் இதையே காட்டுகிறது. பெயர், பதவி, படை எண், பிறந்த தேதி தவிர வேறெதையும் சொல்லக் கூடாது என்று பயிற்சி பெற்றிருந்த அவர்கள், சித்திரவதையில் உடைந்து வாக்குமூலத்தில் கையெழுத்திட்டுவிட்டுத் தனிக்கொட்டடியில் கிடந்து குறுகிப்போனார்கள். ஆங்கில எழுத்துகளை ஐந்துக்கு ஐந்து கட்டங்களில் அடுக்கி, சுவரில் தட்டும் எண்ணிக்கையால் பேசிக்கொள்ளும் முறை ஒன்று அவர்களிடையே இருந்தது. புதிதாக உடைந்து வந்தவருக்கு அந்தத் தட்டல் வழியாகவே, நாங்களும் உடைந்தவர்கள்தாம் என்ற செய்தி வந்து சேர்ந்தது. முடிந்தவரை தாங்கு, முடியாதபோது மிகக் குறைவாகக் கொடு, மறுநாள் மறுபடி எழுந்து நில் என்பது அவர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட முறை. பணிவதும் எதிர்ப்பதும் ஒரே மனிதரிடம் ஒரே வாரத்தில் மாறி மாறி வரும் என்பதை அவர்கள் அனுபவத்தில் கற்றிருந்தார்கள். ஊர் திரும்பிய உங்கள் தந்தைக்கு அப்படித் தட்டிப் பேச மறுபக்கத்தில் எவரும் இல்லை. அவர் இருந்த படைக்கு வெளியே இருந்தவர்கள் அவரை ஒன்று தியாகி என்றார்கள், அல்லது ராஜதுரோகி என்றார்கள். பிரிட்டிஷார் திரும்பியவர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரித்து எழுதிக்கொண்டார்கள். அந்த மூன்றிலும் அவருடைய மெஸ் டின்னை வைக்க இடமில்லை.

"அன்றுதான் உண்மையாகச் சேர்ந்தேன்" என்று எழுதிவிட்டு, அதைத் தானே சந்தேகிக்கிறார். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 1945 நவம்பரில் செங்கோட்டையில் விசாரிக்கப்பட்ட ஐ.என்.ஏ. அதிகாரி ஷா நவாஸ் கான், தான் முதலில் ஐ.என்.ஏ.வை எதிர்த்ததையும், பிறகு வேறு நோக்கங்களோடு உள்ளே வந்ததையும், நேதாஜியைக் கண்ட பின்பே மனம் மாறியதையும் நீதிமன்றத்திலேயே சொன்னார். முதலில் சேர்ந்து படையை உருவாக்கிய மோகன் சிங்கோ, ஜப்பானியரின் நோக்கத்தை நம்ப முடியாமல் முரண்பட்டு, 1942 டிசம்பரில் அவர்களாலேயே கைது செய்யப்பட்டார். மறுத்தவர் சேர்வதும் சேர்ந்தவர் எதிர்ப்பதும் அந்த முகாம்களில் புதுமை இல்லை. பயத்தால் நுழைந்த இடத்தில் ஒருவருக்குப் பிறகு பற்று உண்டாகலாம். நுழைந்த காரணம் அழுக்காக இருந்ததால் பின்னர் வந்த கண்ணீரும் அழுக்கு என்று சொல்ல மாட்டேன்.

நண்பரின் உயிரை விற்றுத் தன் உயிரை வாங்கியதாக அவர் உள்ளூர நினைத்திருக்கலாம். உங்கள் கோபத்திலும் அந்த எண்ணத்தின் சாயல் தெரிகிறது. 1943 முற்பகுதியில் எந்தக் கப்பல் எங்கே போகும், எந்தப் படை எங்கே மாளும் என்பது இருவருக்குமே தெரியாது. சேர்ந்தவர்களில் பலர் அடுத்த ஆண்டு இம்பால் போர்முனையிலும் பின்வாங்கிய மலைப்பாதைகளிலும் பசியாலும் மலேரியாவாலும் இறந்தார்கள். நடந்து முடிந்ததைத் தெரிந்துகொண்ட நாம், அது அவர்களுக்கும் தெரிந்திருந்ததுபோல அவர்களை எடைபோடுகிறோம். (அதே மலாயாவில், கையெழுத்துக் கேட்கப்படாமலே சயாம்-பர்மா ரயில் பாதைக்கு அள்ளிச் செல்லப்பட்ட பல்லாயிரம் தோட்டத் தமிழர்களின் நிலை இன்னும் கொடியது. அவர்களைப் பணிந்தவர்கள் என்று யாரும் கேட்பதுமில்லை, தியாகிகள் என்று கல்வெட்டு வைப்பதுமில்லை.)

கைதி ஒருவரை நான் எடைபோட வேண்டியிருந்தால், அவர் கையெழுத்திட்டாரா என்பதைவிட, அதன்பின் கிடைத்த சிறிய அதிகாரத்தைச் சக கைதிகள்மீது எப்படிப் பயன்படுத்தினார் என்பதைத்தான் பார்ப்பேன். செலாராங் நிகழ்ச்சியில் அந்த நால்வரைச் சுட்டவர்கள், ஜப்பானியர் பக்கம் சேர்ந்திருந்த இந்தியக் காவலர்கள். உங்கள் தந்தையின் நோட்டில் அப்படி ஏதேனும் இருந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். நீங்கள் எழுதியதில் இருப்பது ரங்கூன். ஜப்பானியர் வெளியேறி, பிரிட்டிஷார் வந்து சேராத இடைவெளியில், மேஜர் ஜெனரல் லோகநாதன் தலைமையில் சில ஆயிரம் ஐ.என்.ஏ. வீரர்கள் அங்கே தங்கி, கொள்ளை நடக்காமல் காவல் காத்தார்கள். தப்பி ஓடியிருக்கக்கூடிய நேரத்தில் உங்கள் தந்தை கடைவாசலில் நின்றிருக்கிறார். பிறகு ஆண்டுதோறும் அரிசி மூட்டை. அந்த அம்மாளுக்கு விஷயம் தெரிந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. உள்ளே அழைக்காமல் இருந்ததும், அரிசியை ஒருமுறைகூடத் திருப்பி அனுப்பாமல் இருந்ததும் அவருடைய பதிலாக இருக்கலாம்.

உங்கள் கோபம் இயல்பானது. அவர் பணிந்ததற்காக வந்த கோபம் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். உங்களிடம் சொல்லாமல் போனதற்காக வந்தது என்று நான் எண்ணுகிறேன். அதற்காக அவரைக் கோபித்துக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு. அலுவலகத் தாள்களில் கேள்வி கேட்காமல் கையெழுத்திடும் பழக்கத்தை முகாமோடு முடிச்சுப் போட வேண்டாம். பெரும்பாலான அரசு ஊழியர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அவர்களுடைய அப்பாக்கள் எல்லோரும் சிங்கப்பூரில் இருந்தவர்கள் இல்லை.

இனி, செய்ய வேண்டியவை. நோட்டின் பக்கங்களை முதலில் படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள்; குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். விழாவுக்கு வெகு முன்பாகவே தம்பியைத் தனியாக அழைத்து நோட்டை அவர் கையில் கொடுங்கள். நீங்கள் சுருக்கிச் சொல்லாதீர்கள். அப்பாவின் கையெழுத்தில் அவரே படிக்கட்டும். தன்னை அடித்த தந்தை ஒரு மாவீரராக இருந்தால் அந்த அடிக்கு ஒரு பொருள் கிடைக்கும் என்று அவருடைய மனம் இத்தனை காலம் நம்பியிருக்கலாம். அதனால் அவர் முதலில் கோபப்படுவார். அன்றைக்கே முடிவு கேட்காமல், சில நாள் விட்டுப் பேசுங்கள்.

கல்வெட்டில் பட்டம் எதுவும் இல்லாமல், நடந்ததை மட்டும் எழுதலாம்: பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சேர்ந்தது, 1942இல் சிங்கப்பூரில் கைதானது, 1943இல் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தது, 1946இல் ஊர் திரும்பியது. தியாகி என்ற சொல்லை விட்டுவிடுவது அவரைச் சிறுமைப்படுத்தாது. ஓய்வூதிய விண்ணப்பத்தில் அந்தப் பெயரை அவரே ஏற்கவில்லை. நண்பரின் பெயரையும் அருகில் பொறிக்கலாம். ஆனால் அது அந்தக் குடும்பம் சம்மதித்தால் மட்டுமே.

ஆகவே அந்தப் பேரனைப் போய்ப் பாருங்கள். சொல்லத் தொடங்குவதற்கு முன், அவருடைய பாட்டி என்ன சொல்லியிருக்கிறார் என்று கேளுங்கள். அவர்கள் பக்கத்தில் உங்களுக்குத் தெரியாத பாதி இருக்கலாம். அவர் கேட்க விரும்பினால் மட்டும் நோட்டைக் காட்டுங்கள். மன்னிப்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள், அதைத் தரும் பொறுப்பு அவருடையது இல்லை. மெஸ் டின் இன்னும் பெட்டியில் இருந்தால், அதை அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கலாமா என்று தம்பியோடு கலந்துகொள்ளுங்கள்.

இரவு விழிப்பும் அழுகையும் சில மாதங்களாக நீடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால், 14416 என்ற எண்ணில் அரசின் டெலிமானஸ் இலவச ஆலோசனை எந்நேரமும் தமிழிலும் கிடைக்கும். தம்பியிடம் பேசும் நாளுக்கு முன்பே இதைச் செய்துவிட்டால், அந்தப் பேச்சை நிதானமாக நடத்த உங்களுக்கு உதவியாக இருக்கும்.